தொட்டுக்க என்னங்க மேடம்?

இன்று மத்தியானம் டியூட்டி ரூம் கதவைத் திறந்ததும் ஆரஞ்சுத் தோல் கருகுகிற வாசனை வந்தது. ஒரு நிமிஷம் நீ உள்ளே இருக்கிறாய் என்றே நினைத்துவிட்டேன். கட்டிலுக்குப் பக்கத்தில் ஹீட்டர், அதன் மேல்தட்டில் காய்ந்து சுருண்ட தோல் நாலைந்து. ஈரக் கம்பளியும் டெட்டாலும் சேர்ந்து அடிக்கிற நாற்றம் குடலைப் பிரட்டுகிறது என்று சொல்லி நீ தொடங்கிவைத்த பழக்கம் இது. புதிதாக வந்திருக்கிற நர்ஸ் பெண் ஒருத்தி யாரிடமோ கேட்டுக்கொண்டு இப்போது அதைச் செய்கிறாள். அவள் உன்னைப் பார்த்ததே இல்லை.

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். உட்கார நேரம் இருந்தது, அதுவே அதிசயம். உன்னிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். மழை ஓய்கிற சமயத்தில் எனக்கு ரத்தம் பட ஆரம்பித்தது. மாதவிலக்கு நின்று வருஷக்கணக்காகிவிட்ட உடம்பு. அதில் ரத்தம் பட்டால் என்னவாக இருக்கலாம் என்று உனக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. இத்தலார் கிராமத்திலிருந்து ஓர் அம்மா வந்து இதையே சொல்லியிருந்தால் அன்றைக்கே படுக்கவைத்துப் பார்த்திருப்பேன். அடுத்த வாரம் வருகிறேன் என்று அவள் எழுந்தால் கையைப் பிடித்து உட்காரவைத்திருப்பேன். எனக்கு நானே சொல்லிக்கொண்டது, அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்பது. நீயும் அதைத்தான் சொன்னாய். உன்னுடைய அடுத்த வாரம் எங்கே கொண்டுபோய் விட்டது என்று கண்ணால் பார்த்தவள் நான். பார்த்துவிட்டும் அதையேதான் சொன்னேன். வீட்டுக்காரரிடம்கூட வாய் திறக்கவில்லை. அந்த அடுத்த வாரம் கடைசியில் எப்படி வந்தது என்பதை உன்னைத் தவிர வேறு யாரிடம் சொன்னாலும் புரியாது.

நீ கோபி பக்கத்திலிருந்து இந்த மலைக்கு வந்து சேர்ந்த நாள் ஞாபகம் இருக்கிறது. ஒரு ஸ்வெட்டருக்கு மேல் இன்னொரு ஸ்வெட்டர், அதற்கு மேல் வெள்ளைக் கோட்டு. பொத்தான் போட முடியவில்லை. அதுவரை இந்த மிஷன் ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்க்க நான் ஒருத்திதான். இரண்டாவதாக ஒருத்தி வந்துவிட்டாள் என்ற சந்தோஷத்தில் உனக்கு அன்று நானே டீ போட்டுக் கொடுத்தேன். கொஞ்ச காலம் நீங்க, வாங்க என்றுதான் பேசிக்கொண்டிருந்தோம். ஒரு நாள் ஆபரேஷன் தியேட்டரில் நான் "அந்தக் கத்திரிக்கோலைக் கொஞ்சம் எடுத்துக் குடுக்கறீங்களா" என்று கேட்டபோது நீ முகமூடிக்குள்ளிருந்து சலித்துக்கொண்டாய். "ஏன் அம்முணி, இன்னும் எத்தன நாளைக்கு இந்த மரியாதை? நீ கேட்டு முடிக்கறதுக்குள்ள புள்ள பொறந்து பள்ளிக்கொடம் போயிரும்." அன்றைக்கு விழுந்த 'நீ'தான், கடைசிவரை.

ஒரு நாள் நீ, ஒரு நாள் நான். சொல்லிக்கொள்ள அப்படித்தான். என் முறை என்றால் காலையில் வெளிநோயாளிகள், அது முடியுமுன்னே தியேட்டர், தியேட்டரிலிருந்து வந்தால் வார்டு, இருட்டிய பிறகு வருகிற வலிகள், விடிந்ததும் திரும்பவும் வெளிநோயாளிகள். கிளென்மார்கன் எஸ்டேட்டிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வயிற்றைத் தூக்கிக்கொண்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்திருப்பவளிடம், டாக்டர் ராத்திரி தூங்கவில்லை, அதனால் நாளைக்கு வா என்று எந்த வாயால் சொல்வது. அவள் ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு வந்திருக்கிறாள். அதனால் உன் முறையன்றும் நான் இருப்பேன், என் முறையன்றும் நீ இருப்பாய். சிக்கலான கேஸ் என்றால் இரண்டு பேரும் கை கழுவிக்கொண்டு நிற்போம். நம் முறை இல்லாத நாள் என்று ஒன்று இருந்ததாக எனக்கு ஞாபகமே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பிரசங்கத்தின் தொடக்கத்தை மட்டும் கேட்டே எனக்கு வயதாகிவிட்டது. முடிவில் ஃபாதர் என்ன சொல்வார் என்று இன்றுவரை தெரியாது. ஒரு தடவை தலைக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தபோது போன் வந்து, ஒரு பக்கம் கறுப்பும் ஒரு பக்கம் வெள்ளையுமாக இருந்த தலையைத் தொப்பிக்குள் திணித்துக்கொண்டு சிசேரியன் செய்தேன். நீ எதிரே நின்று சிரித்த சிரிப்பில் மயக்க மருந்து டாக்டர் உன்னை வெளியே போகச் சொன்னார். உன் அக்கா மகள் கல்யாணத்தை நீ போனில் பார்த்தாய். தாலி கட்டுகிற நேரத்தில் பைக்காரா பக்கத்திலிருந்து ஜீப் வந்துவிட்டது, போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஓடினாய். திரும்பி வந்து, "பந்தி முடிஞ்சிருச்சு" என்று மட்டும் சொன்னாய். கைராசிக்கார டாக்டருங்க என்று நம் இரண்டு பேரையும் ஊரில் சொல்வார்கள். ராசியான கைக்கு மேலே தோள் ஒன்று இருப்பதும், அது ராத்திரியெல்லாம் வலிப்பதும் யாருக்குத் தெரிந்தது.

இந்த அலுப்பு எங்கே கொண்டுபோய் விடும் என்று நமக்குக் காட்டியது இத்தலாரிலிருந்து வந்த ஒரு பெண்தான். அது தலைப்பிரசவம். வலி என்று வந்திருந்தாள். நீ இரவு முழுக்க நின்றுவிட்டு, பகலிலும் பாதி நாள் வேலை பார்த்துவிட்டு, ஆஸ்பத்திரிக்குப் பின்னால் மேட்டில் இருக்கிற குவாட்டர்ஸில் போய்ப் படுத்திருந்தாய். வார்டிலிருந்து உனக்குப் போன் போட்டார்கள். நீ தெளிவான குரலில், "அது பொய் வலி. ஊட்டுக்கு அனுப்பீரு, நாளைக்கு வரட்டும்" என்றாய். டாக்டர் சொல்லிவிட்டார் என்று நர்ஸ் அனுப்பிவிட்டாள். பாதி வழியில், கேரட் கழுவுகிற இடத்துக்குப் பக்கத்து வளைவில், ஜீப்பிலேயே குழந்தை பிறந்துவிட்டது. கேரட் கழுவிக்கொண்டிருந்த பெண்கள் ஈரக் கையோடு ஓடிவந்து, தங்கள் சால்வைகளை விரித்துப் பிடித்தார்கள். தாயும் பிள்ளையும் பத்திரமாகத் திரும்ப வந்து சேர்ந்தது நம் அதிர்ஷ்டம்.

நீ வார்டுக்கு இறங்கி வந்து கத்தினாய். "வலியோட வந்த புள்ளைய யாரு ஊட்டுக்கு அனுப்புனது?"

"நீங்கதாங்க மேடம்" என்றாள் அந்த நர்ஸ்.

நீ நம்பவில்லை. உன் போனை எடுத்துப் பார்த்தாய். பேசியதற்கான பதிவு இருந்தது. உன் முகம் வெளிறிப்போனதை நான் பார்த்தேன். ஒரு வார்த்தைகூட உனக்கு ஞாபகம் இல்லை. இப்படி ஆகிவிட்டால், நர்ஸ் சரியாகக் கேட்கவில்லை என்று சொல்லித் தப்பித்துக்கொள்கிற டாக்டர்கள் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறோம். நீ அடுத்த நாள் காலையில் எல்லா நர்ஸ்களையும் கூப்பிட்டு நிற்கவைத்துச் சொன்னாய். "நான் சொன்னேன். ஆனா நான் முழிச்சிருக்கல. தூங்கறவளுக்குத் தான் தூங்கறது தெரியாதுங்க. இனிமே நீங்கதான் கண்டுபுடிக்கோணும்."

அப்படி வந்தது நம் வார்டின் விதி. வேறு எந்த ஆஸ்பத்திரியிலும் இது இருக்காது. டாக்டருக்குப் போன் செய்தால், கேஸைச் சொல்வதற்கு முன்னால் இன்று வீட்டில் என்ன சமையல் என்று கேட்க வேண்டும். பதில் ஒழுங்காக வந்தால்தான் மேலே பேச்சு. வரவில்லை என்றால் டாக்டர் சொல்கிற எதையும் செய்யக் கூடாது. எழுந்து முகம் கழுவிவிட்டுத் திரும்பக் கூப்பிடச் சொல்ல வேண்டும். நான்தான் கேட்டேன், ஏன் சமையல், மருந்தின் பெயரைக் கேட்டால் என்ன என்று. நீ அதை ஏற்கெனவே யோசித்துவைத்திருந்தாய். "மருந்து பேரு நமக்குத் தூக்கத்துலயும் வரும். தேதியக் கேட்டா முழிச்சிருக்கறப்பவே தெரியாது. சமையல்னா சரியா இருக்கும். அதுலயும் சாம்பார்னு யாரும் தூக்கத்துல சொல்லிரலாம். தொட்டுக்க என்னன்னு கேக்கோணும். அதுக்கு முழிக்காம பதில் சொல்ல முடியாது அம்முணி."

பிரசவ வார்டின் தலைமை நர்ஸ் ஸ்டெல்லா சிஸ்டர் இதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டார். மகராசி, ஒரு தடவைகூட விட்டதில்லை. உதிரம் போய்க்கொண்டிருந்தாலும், "மேடம், இன்னிக்கு ஊட்டுல என்னங்க சமையல்?" என்றுதான் ஆரம்பிப்பார். ரசம் என்போம். "தொட்டுக்க என்னங்க மேடம்?" பீன்ஸ் பொரியல். "சரிங்க. சீக்கிரம் வாங்க." ஒரு தடவை நான், "சாம்பார், தொட்டுக்க மூணு விரல்" என்று சொன்னேனாம். கர்ப்பவாய் எவ்வளவு திறந்திருக்கிறது என்று விரல் கணக்கில் சொல்லிச் சொல்லி, அது தட்டுவரைக்கும் வந்துவிட்டது. சிஸ்டர் சிரிக்காமல், "முகத்தக் கழுவீட்டுக் கூப்புடுங்க மேடம்" என்று வைத்துவிட்டார்.

இன்னொரு நாள் ஆஸ்பத்திரியை நிர்வகிக்கிற ஃபாதர் வார்டுக்கு வந்திருந்தபோது இந்த உரையாடல் காதில் விழுந்துவிட்டது. உள்ளே ஒரு பெண் கத்திக்கொண்டிருக்கிறாள், இங்கே பொரியலைப் பற்றி விசாரிக்கிறார்களே என்று உன்னைக் கூப்பிட்டுக் கேட்டார். நீ கையைக் கட்டிக்கொண்டு பணிவாகத்தான் சொன்னாய். "ஏனுங்க ஃபாதர், நீங்க செபத்துல கண்ணசந்தா சாமி மன்னிச்சிரும். நான் கண்ணசந்தா ரெண்டு உசுருங்க." அவர் அதற்கப்புறம் அந்தப் பக்கம் வரவில்லை. இன்னொரு டாக்டரை வேலைக்கு எடுங்கள் என்று அன்றே அவரிடம் கேட்டிருக்கலாம் என்று நான் சொன்னேன். "கேக்காமயா இருக்கோம்? யாரு வர்றா?" என்றாய்.

உனக்கு வயிறு உப்பத் தொடங்கியபோது வாயு என்றாய். அப்புறம் இட்லி ஒத்துக்கொள்ளவில்லை என்றாய். ஸ்கேன் மிஷின் உன் அறையிலேயே இருந்தது. நாள் முழுக்க அடுத்தவள் வயிற்றில் அதை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாய். ஸ்டெல்லா சிஸ்டர் சத்தம் போட்டு ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் உன்னைப் படுக்கவைத்தார். நான் வயிற்றில் ஜெல்லைத் தடவினேன். அந்த நேரம் பார்த்து, ஒருத்திக்குக் குழந்தைக்கு முன்னால் தொப்புள்கொடி வந்துவிட்டது என்று வார்டிலிருந்து ஆள் ஓடிவந்தது. நீ புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, வயிற்றில் ஜெல்லோடு, எனக்கு முன்னால் ஓடினாய். அந்தப் பிள்ளை பிழைத்தது. இப்போது பள்ளிக்கூடம் போகிறது. புடவையில் ஜெல் காய்ந்து விறைத்துப்போயிருந்ததை மாலையில்தான் கவனித்தாய். அடுத்த வாரம் பாத்துக்கலாம் அம்முணி என்றாய். அடுத்த வாரம் ஸ்கேனுக்குக் கூட்டம். அதற்கடுத்த வாரம் எனக்குக் காய்ச்சல், எல்லா நாளும் உன் முறையாகிவிட்டது.

கடைசியில் பார்த்தபோது, திரையில் தெரிந்த கட்டி என்னவென்று நம் இரண்டு பேரில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. நீ என் கையிலிருந்து கருவியை வாங்கி நீயே வைத்துப் பார்த்தாய். இரண்டு பக்கமும் பார்த்தாய். பிறகு துணியால் வயிற்றைத் துடைத்துக்கொண்டு, "வெளிய இன்னும் எத்தன பேரு இருக்காங்க?" என்று கேட்டாய். அன்று பெஞ்சில் இருந்த அத்தனை பேரையும் பார்த்துவிட்டுத்தான் எழுந்தாய். உன்னை நான் தடுக்கவில்லை. தடுத்தால் உடைந்துபோவாய் என்று தெரிந்தது. நானும்தான்.

கோவையில் ஆபரேஷன், அப்புறம் மருந்து ஏற்றினார்கள். முடி கொட்டிய தலையில் நீலக் கம்பளிக் குல்லாவைப் போட்டுக்கொண்டு திரும்பி வந்து கொஞ்ச நாள் வெளிநோயாளிகளைப் பார்த்தாய். வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன். "சும்மா படுத்துக்கெடந்தா வலி அதிகமா தெரியுது" என்றாய். பிறகு ஊருக்கே போய்விட்டாய். உன் உயிர் பிரிந்த அன்று நான் தியேட்டரில் இருந்தேன். செய்தி வந்தும் தையல் முடியட்டும் என்று சிஸ்டர் வாசலில் காத்திருந்தார். உன் ஊருக்கு வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்து, பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த நாள் காலையில் பெஞ்சில் ஆட்கள் இருந்தார்கள். இதை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆத்திரமாக வருகிறது. உன் மேலா, இந்த மலை மேலா, யார் மேல் என்று சொல்லத் தெரியவில்லை.

அதற்கப்புறம் நான் ஒருத்திதான், முன்பு போலவே. முன்பு எனக்கு வயது குறைவு. விளம்பரம் கொடுத்தார்கள். ஒரு பெண் டாக்டர் வந்தாள். வார்டைப் பார்த்தாள், மூடுபனியைப் பார்த்தாள், எத்தனை நாளைக்கு ஒரு தடவை முறை வரும் என்று கேட்டாள். சொன்னேன். பெட்டியைப் பிரிக்காமலே இறங்கிப் போய்விட்டாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன், புத்தியுள்ள பெண். இப்போது ரம்யா என்று ஒரு சின்ன டாக்டர் மேட்டுப்பாளையத்திலிருந்து வாரத்தில் சில நாள் ஏறி வருகிறாள். நல்ல கை. அவளை நம்பி அந்த நாட்களில் நான் மத்தியானம் வீட்டுக்குப் போகிறேன். மற்ற நாட்களைப் பற்றி எழுதினால் உனக்குத் தெரிந்ததையே எழுதிக்கொண்டிருப்பேன்.

ரத்தம் பட்ட முதல் நாள் குளியலறையில் நின்று பார்த்தேன். சரி, என்று சொல்லிக்கொண்டேன். அவ்வளவுதான். பயம்கூட முழுசாக வரவில்லை, அதற்கும் தெம்பு வேண்டுமே. பரிசோதனை என்றால் ஒரு நாள் போகும். முடிவு கெட்டதாக இருந்தால் ஆபரேஷன், பல வாரம் போகும். அந்த வாரங்களில் சிசேரியனுக்கு யார்? ரம்யா வராத நாளில் கொடி முன்னால் வந்தால் யார் ஓடுவது? இப்படியே யோசித்து யோசித்து, பார்க்காமல் இருந்தால் முடிவும் வராது என்ற இடத்துக்கு வந்து சேர்ந்தேன். படித்த படிப்பெல்லாம் எங்கே போயிற்று என்று கேட்காதே. உன்னுடையது எங்கே போயிற்றோ அங்கேதான்.

போன மாதம் ஒரு காலை. அதற்கு முந்தைய நாட்களெல்லாம் ஓயாத வேலை, முன்தினம் மத்தியானம் வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் விழுந்தது மட்டும் ஞாபகம். காலையில் வார்டுக்குப் போனால் ஸ்டெல்லா சிஸ்டர் என்னைக் கருவிகள் வைக்கிற அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"மேடம், நேத்து மத்தியானம் உங்களுக்குப் போன் போட்டனே, ஞாபகம் இருக்குங்களா?"

இல்லை என்றேன்.

"சமையல் என்னன்னு கேட்டேனுங்க. நீங்க சமையலச் சொல்லல. ஒரு கேஸச் சொன்னீங்க. மாதவிலக்கு நின்னு வருசமாச்சு, இப்ப ரத்தம் படுது, உடனே உள்ளிருந்து சதை எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்போணும்னீங்க. தொட்டுக்க என்னங்க மேடம்னு கேட்டேன். அதுக்கு, 'அவ அடுத்த வாரம் வரேன்னு சொல்லுவா, நம்பாதீங்க, கையப் புடிச்சு உக்கார வைங்க'ன்னீங்க." சிஸ்டர் நிறுத்தி மூச்சு வாங்கினார். "பேஷண்ட் பேரு என்னங்கன்னு கேட்டேன் மேடம். உங்க பேரச் சொன்னீங்க."

நான் பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன். பேசியாக வேண்டுமே என்று சட்டம் பேசினேன். "தூக்கத்தில் சொன்னதைச் செய்யக் கூடாது என்பதுதானே சிஸ்டர் விதி?"

"ஆமாங்க மேடம். முழிச்சிருக்கற டாக்டரு சொல்றதத்தான் கேக்கோணும்னு அந்த மேடம் சொல்லீட்டுப் போனாங்க. ஆனா நீங்க முழிச்சிருந்தா அடுத்த வாரம்ங்கறீங்க. தூக்கத்துலதாங்க மேடம் டாக்டர் மாதிரிப் பேசுனீங்க." அவர் கண்ணில் தண்ணீர் நின்றது, ஆனால் குரல் அசையவில்லை. "அந்த மேடத்தக் கொண்டுபோய்க் குடுத்தது போதுங்க. ரம்யா மேடம் வந்துட்டாங்க. சின்ன தியேட்டரத் தயார் பண்ணி வெச்சிருக்கேன். எந்திரிங்க."

வெளியே பெஞ்சில் ஆட்கள் என்றேன். சிஸ்டர் கதவைத் திறந்தார். பெஞ்சில் இருந்த பெண்களிடம் ஏற்கெனவே சொல்லியாகிவிட்டதாம், டாக்டரம்மாவுக்கே உடம்புக்குப் பார்க்க வேண்டியிருக்கிறது, நேரமாகும் என்று. ஒருத்தியும் எழுந்து போகவில்லை. மாசமாக இருந்த ஓர் எஸ்டேட் பெண் என்னைப் பார்த்து, "போயிட்டு வாங்க டாக்டரம்மா, நாங்க இருக்கோம்" என்றாள். அதுவரை அடக்கிவைத்திருந்தது அங்கேதான் உடைந்தது. அத்தனை பேருக்கும் முன்னால் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு நடந்தேன்.

எத்தனையோ பேரை ஏற்றிப் படுக்கவைத்த மேஜை. அது இவ்வளவு குளிரும் என்று எனக்கு இதுவரை தெரியாது. ரம்யா கையுறையைப் போட்டுக்கொண்டு, என்னிடம் கேட்கத் தயங்கித் தயங்கி, எப்போதிலிருந்து என்று கேட்டாள். சொன்னேன். அவள் கை அப்படியே நின்றது. "ஏன் மேடம் இவ்வளவு நாள் வரல?" என்றாள். கோபமாகத்தான் கேட்டாள், நான் கேட்பதைப் போல. யோசிப்பதற்குள் என் வாயிலிருந்து வந்துவிட்டது. "லீவு கெடைக்கலம்மா." தேயிலை பறிக்கிறவர்கள் கட்டியை வளரவிட்டுக்கொண்டு வந்து நின்று எனக்குச் சொல்கிற பதில் இதுதான். அதைக் கேட்டு எத்தனை பேரை, உயிரைவிட வேலை பெரிதா என்று கடிந்திருக்கிறேன். ரம்யா என்னைக் கடியவில்லை. தலையைக் குனிந்துகொண்டு வேலையைப் பார்த்தாள்.

முடிவு வந்தது. புற்றுநோய்தான். ஆனால் தொடக்கத்திலேயே பிடித்துவிட்டோம், கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் போதும், வேறொன்றும் தேவைப்படாது என்கிறார்கள். உனக்கும் இப்படி ஒரு வாக்கியத்தை யாராவது சொல்லியிருக்க வேண்டும் என்று நினைத்து ஒரு மாலை முழுக்க அழுதேன். வீட்டுக்காரர் எனக்காக அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டு, ஒன்றும் ஆகாது என்று முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். அவர் அப்படியே நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

நாளைக் காலையில் கோவைக்கு இறங்குகிறேன். நான் திரும்பும்வரை ரம்யா கூடுதலாகச் சில நாள் வருவாள், அவள் இல்லாத நாளில் ஆபரேஷன் தேவைப்படுகிறவர்களை வேறு ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். வழியில் யாருக்கு என்ன ஆகுமோ என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை. எனக்கு ஒன்று ஆகிவிட்டாலும் இதே ஏற்பாடுதான் நடக்கும் என்று சிஸ்டர் சொன்னார். ஆறுதலாகச் சொன்னாரா, திட்டினாரா என்று தெரியவில்லை. இன்று வார்டை விட்டுப் புறப்படுமுன் ரம்யாவைக் கூப்பிட்டு வார்டின் விதியைச் சொன்னேன். சிரித்தாள். நாங்களும் முதலில் சிரித்தோம் என்றேன். நீ விட்டுப்போனதில் என்னிடம் மிச்சமிருப்பது அந்தக் கேள்வி ஒன்றுதான், அதை யாரிடமாவது கொடுக்காமல் மலை இறங்க மனசு வரவில்லை. நம்மால் முடியும் என்று நாம் சொல்லும்போது நம்மை நம்பாத ஒருத்தி பக்கத்தில் இருக்க வேண்டும். உனக்கு நான் இருந்தேன், ஆனால் நானும் உன்னைப் போலவே தூங்கிக்கொண்டுதான் நடந்தேன்.

முழு மயக்கம் கொடுத்துத்தான் செய்வோம் என்று கோவையில் மயக்க மருந்து டாக்டர் போனில் விளக்கினார். சில மணி நேரம் ஒன்றும் தெரியாது, யார் கூப்பிட்டாலும் கேட்காது, பயமாக இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். தைரியசாலி என்று பாராட்டினார். உன்னிடம் மட்டும் உண்மையைச் சொல்கிறேன். அவர் யார் கூப்பிட்டாலும் கேட்காது என்று சொன்னபோது, பண்டிகைக்கு நாள் எண்ணுகிற பிள்ளையைப் போல, அந்தத் தூக்கம் எப்போது வரும் என்று எனக்கு ஆசையாக இருந்தது.